ஒரு கர்சீப், ஒரு முடிச்சு, ஒரு போன்: வீட்டிலேயே செக் பாணியில் ஸ்டாப் மோஷன் படம் எடுப்பது எப்படி

பொம்மை செய்யத் தெரியாது, களிமண் பிடிக்க வராது, படம் வரையவும் வராது, ஆனாலும் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரு சின்ன ஸ்டாப் மோஷன் படம் (பொருளைத் துளித் துளியாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஒரு போட்டோ எடுத்து, வரிசையாக ஓடவிடுவது) எடுத்துப் பார்க்க ஆசை என்றால், அதற்கு ஏற்ற பாடம் 1958இல் செக்கோஸ்லோவாக்கியாவில் எடுத்த ஒரு குழந்தைகள் குறும்படத்தில் இருக்கிறது. ‘உஸெல் நா காபெஸ்னீகு’, அதாவது ‘கைக்குட்டையில் முடிச்சு’. எடுத்தவர் ஹெர்மீனா டீர்லோவா. கதை ரொம்பச் சின்னது. ஒரு பையன் குழாயை மூட மறந்துவிடக் கூடாது என்று கைக்குட்டையில் ஒரு முடிச்சுப் போட்டு வைக்கிறான் (எதையாவது ஞாபகம் வைத்துக்கொள்ள இப்படி முடிச்சுப் போடுவது ஐரோப்பாவில் பழைய வழக்கம்), விளையாட்டு மும்முரத்தில் குழாயையும் மறக்கிறான் முடிச்சையும் மறக்கிறான், கடைசியில் அந்தக் கைக்குட்டைக்கே உயிர் வந்து காரியத்தில் இறங்குகிறது.

கதாநாயகன் ஒரு துணி. அவ்வளவுதான். உங்கள் வீட்டு பீரோவில் அந்த ஹீரோ ஏற்கெனவே மடித்து வைக்கப்பட்டிருக்கிறார்.

எடுக்கத் தொடங்குவதற்கு முன்னால் இந்தப் படத்தையோ, அல்லது டீர்லோவாவின் வேறு ஏதாவது ஒரு படத்தையோ தேடிப் பிடித்து இரண்டு தடவை பாருங்கள். முதல் தடவை பிள்ளைகளோடு, சும்மா, எதையும் விளக்காமல். இரண்டாம் தடவை நீங்கள் மட்டும், கம்ப்யூட்டரில். யூடியூபில் பார்ப்பதாக இருந்தால் வீடியோவை நிறுத்திவிட்டுக் கீபோர்டில் முற்றுப்புள்ளிக் கீயைத் தட்டினால் ஒவ்வொரு பிரேமாக (வீடியோவில் உள்ள ஒவ்வொரு தனிப் படமாக) முன்னே போகும், காற்புள்ளிக் கீ பின்னே கொண்டுவரும். ஒரு பத்து விநாடிக் காட்சியை இப்படித் தட்டித் தட்டிப் பார்த்தாலே பாதி வித்தை புரிந்துவிடும்: ஒரு நிலை எத்தனை பிரேம் அப்படியே நிற்கிறது, எங்கே சட்டென்று தாவுகிறது, தலை திரும்புவதற்கு முன் உடம்பு என்ன செய்கிறது. இதையெல்லாம் ஒரு தாளில் குறித்து வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

டீர்லோவா (1900–1993) வேலை பார்த்தது ஸ்லின் என்ற ஊரில். பாட்டா செருப்புக் கம்பெனியின் ஊர் அது. ஆமாம், நாம் பள்ளிக்கூடத்துக்குக் கறுப்பு ஷூ வாங்கிய அதே பாட்டாதான். விளம்பரப் படங்கள் எடுப்பதற்காக அந்தக் கம்பெனி 1930களில் அங்கே ஒரு ஸ்டூடியோ கட்டியது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அது அரசாங்கத்தின் கைக்குப் போய், குழந்தைகள் படங்களுக்குப் பேர்போன இடமாகிவிட்டது. கைக்குட்டைப் படம் வந்த காலத்தில் ஊரின் பெயரே காட்வால்டோவ் என்று மாறியிருந்தது, கம்யூனிஸ்ட் ஆட்சி வைத்த பெயர். 1961இல் தொடங்கிய குழந்தைகள் திரைப்பட விழா இன்றும் அங்கே நடக்கிறது.

அந்த அம்மா கையில் எடுத்த பொருள்களைப் பார்த்தால்தான் இந்தக் குறிப்புகளின் அடிப்படையே விளங்கும். 1944இல் எறும்புப் பொம்மை, போர் முடிந்த சூட்டில் கெஸ்டபோக்காரன் (நாஜி ரகசியப் போலீஸ்) ஒருவனை விரட்டியடிக்கும் விளையாட்டுச் சாமான்கள், பிறகு கைக்குட்டை, 1960களில் கம்பளி நூல், கோலிக்குண்டு. கோலிக்குண்டு உருளும், நூல் பிரியும், துணி துவளும். அந்தந்தப் பொருள் இயல்பாக என்ன செய்யுமோ அதிலிருந்துதான் நடிப்பு வர வேண்டும். துணிக்கு மனிதனைப் போல நடக்கக் கற்றுக்கொடுக்கப் போனால் துணியும் போச்சு, மனிதனும் போச்சு.

கர்சீப்பைத் தயார் செய்வது

பருத்திக் கர்சீப் வேண்டும். பாலியெஸ்டர், சாட்டின் எல்லாம் வழுக்கும், மடிப்பு நிற்காது. ஓரத்தில் கோடு அல்லது பார்டர் உள்ளதாகப் பாருங்கள், ஏனென்றால் துணி திரும்பும்போது அந்தக் கோடு வளைந்து காட்டுவதால்தான் பார்க்கிறவருக்குத் திருப்பம் தெரிகிறது. தூய வெள்ளைத் துணி போன் கேமராவில் வெளிறிப்போய் மடிப்பே தெரியாமல் போகும். இளநீலமோ சந்தன நிறமோ நல்லது. புதுத் துணி வேண்டாம், நாலைந்து முறை துவைத்தது வேண்டும்.

அப்புறம் கஞ்சி. சோறு வடித்த கஞ்சியைத் தண்ணீர் விட்டு மோர்ப் பதத்துக்கு நீர்க்கச் செய்து, வடிகட்டி, துணியை முக்கிப் பிழிந்து, அரை ஈரத்தில் இஸ்திரி போடுங்கள். மொரமொரப்பு ஓரளவு போதும். அட்டையாக நின்றால் அது துணியாக நடிக்காது, தொளதொளவென்றிருந்தால் சொன்ன இடத்தில் நிற்காது. மழைக்காலத்தில் கஞ்சி ஈரம் இழுத்துத் துவண்டுவிடும், அந்த நாட்களில் கொஞ்சம் கெட்டியாகவே போடுங்கள். பெவிகாலைத் தண்ணீரில் கரைத்துத் தடவலாம் என்று சிலர் சொல்வார்கள், விறைப்பு நன்றாகவே நிற்கும், ஆனால் துணியின் அசைவு செத்துப்போகும் என்பது என் அபிப்பிராயம்.

முடிச்சை முதலில் போட்டுவிடுங்கள், கம்பியைப் பிறகு நுழைக்கலாம். ஒரு மூலையை எடுத்து, நுனியிலிருந்து ஏழெட்டு சென்டிமீட்டர் விட்டு ஒரு சாதாரண முடிச்சு. முடிச்சுதான் தலை, மேலே துருத்திக்கொண்டிருக்கும் நுனி குடுமி. பக்கத்து மூலைகள் இரண்டும் கைகள், எதிர் மூலை வால். தலை பெரிதாக வேண்டுமென்றால் மூலைக்குள் ஒரு பஞ்சு உருண்டையை வைத்துக் கட்டலாம், கனமான எதையும் வைக்காதீர்கள், மூக்கு குப்புற விழுந்துகொண்டே இருக்கும்.

கம்பி இல்லாமலும் எடுக்கலாம், ஆனால் பொறுமை ரொம்ப வேண்டும். ஹார்டுவேர் கடையிலோ கைவினைச் சாமான் கடையிலோ ஒரு மில்லிமீட்டர் அலுமினியக் கம்பி கேளுங்கள். இரும்புக் கட்டுக்கம்பி வேண்டாம், வளைத்தால் திரும்ப எழும்பும். அலுமினியம் வைத்த இடத்தில் இருக்கும். பழைய மின்சார ஒயரை உரித்தெடுத்த செப்புக் கம்பியும் பரவாயில்லை. மூன்று துண்டு தேவை. இரண்டு துண்டை, தைத்து மடித்த ஓரத்தில் மூலைத் தையலைக் கொஞ்சம் பிரித்து, பாவாடைக்கு நாடா கோர்ப்பது போல உள்ளே தள்ளி, முடிச்சு வரைக்கும் கொண்டுபோங்கள். மூன்றாவது, முடிச்சிலிருந்து வால் வரைக்கும் துணியின் பின்பக்கத்தில், அதே நிற நூலால் தூரத் தூரத் தையல் போட்டு. கம்பி நுனிகளை முடிச்சுக்குள் சொருகி ஒரு சொட்டுப் பசை. மறுமுனைகளைச் சின்ன வளையமாக மடக்கிவிடுங்கள், பிள்ளைகளின் விரலில் குத்தாது, குண்டூசி குத்தவும் அந்த வளையம் உதவும்.

இப்போது நிறுத்திப் பாருங்கள். இரண்டு கை, ஒரு வால் என்று மூன்று இடத்தில் தரையைத் தொட்டு நிற்கும். மூன்று கால் உள்ள எதுவும் ஆடாது. ஒரு கையைத் தூக்கினால்தான் பிரச்சினை, இரண்டு முனையில் நிற்காமல் சாயும். அதற்காகத்தான் மேடையைத் தெர்மாக்கோலில் போடச் சொல்கிறேன். தெர்மாக்கோல் பலகைமேல் ஒரு பழைய மேஜை விரிப்பையோ பழுப்புத் தாளையோ ஒட்டிவிட்டால், வளையத்துக்குள் குண்டூசியைக் குத்தி எந்த முனையை வேண்டுமானாலும் தரையோடு பிடித்து வைக்கலாம். பெரிய ஸ்டூடியோக்களில் பொம்மையின் பாதத்தைத் தரையில் துளையிட்டுத் திருகாணியால் பிடிப்பதும் இதே காரணத்துக்குத்தான்.

கண் ஒட்டாதீர்கள். பிள்ளைகள் கேட்பார்கள், கடையில் ஆடும் கண்மணி பாக்கெட் பத்து இருபது ரூபாய்க்குக் கிடைக்கும், ஆசையாக இருக்கும். வேண்டாம். செக் பொம்மைப் படங்களின் பெரிய பலமே முகத்தை அசைக்காமல் விடுவதில்தான் இருக்கிறது. செக் பொம்மைப் பட இயக்குநர் யிரி த்ருன்காவின் பொம்மைகளுக்கு முகம் மாறவே மாறாது, வரைந்த கண் வரைந்தபடியே இருக்கும், தலையைச் சாய்ப்பதிலும் வெளிச்சம் விழும் கோணத்திலும் சோகமும் சந்தோஷமும் தெரியும். 1976இல் லுபோமீர் பெனெஷும் கார்ட்டூனிஸ்ட் விளாதிமீர் யிரானெக்கும் தொடங்கிய பாட், மாட் என்ற இரண்டு கோணங்கி நண்பர்களைப் பிள்ளைகள் பார்த்திருக்கலாம். பேச்சே கிடையாது, எல்லாம் கை ஜாடையும் உடம்பு திரும்புவதும்தான், அதனால்தான் உலகத்தில் எந்த மொழிக் குழந்தைக்கும் புரிகிறது. உங்கள் முடிச்சிலும் துணி மடிந்து ஒரு நிழல் விழும். அந்த நிழல் எந்தப் பக்கம் நன்றாக விழுகிறதோ அதுதான் முகம் என்று முடிவு செய்து, பின்புறம் பென்சிலால் ஒரு சின்னக் கோடு போட்டுக்கொள்ளுங்கள், எவ்வளவு திருப்பியிருக்கிறோம் என்று தெரிய.

போன், வெளிச்சம், காற்று

போனை ஒரு ஸ்டாண்டில் பொருத்தி, ஸ்டாண்டின் கால்களையும் மேஜையோடு டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். இதைச் செய்யாதவர்கள் எல்லாரும் பிறகு செய்வார்கள். ஸ்டாப் மோஷன் ஸ்டுடியோ என்ற ஆப்பின் இலவச வடிவம் போதும். அதில் முந்தைய படத்தை மங்கலாக மேலே காட்டும் வசதி இருக்கிறது, அதை ஆன் செய்யாமல் ஒரு பிரேம்கூட எடுக்க வேண்டாம். போகஸ் (தெளிவு), எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), ஒயிட் பேலன்ஸ் (நிறச் சாயல்) மூன்றையும் பூட்டிவிட வேண்டும். பூட்டாவிட்டால் உங்கள் கை உள்ளே போய் வெளியே வரும் ஒவ்வொரு தடவையும் போன் தானாக வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து, படம் முழுக்க மினுக்கும். போனைத் தொட்டுப் படம் எடுத்தால் ஆடும். ப்ளூடூத் ரிமோட் இருந்தால் நல்லது, சில போன்களில் இயர்போன் ஒயரில் உள்ள வால்யூம் பட்டனும் அதே வேலையைச் செய்யும். ஏரோபிளேன் மோடில் போடுங்கள். நடுவில் யாராவது கூப்பிட்டு ஸ்டாண்டு அதிர்ந்தால் அன்றைய பாடு வீண்.

ஜன்னல் வெளிச்சம் அழகாக இருக்கும், நம்பவே கூடாது. ஒரு மேகம் போனால் போதும். திரையை இழுத்து மூடிவிட்டு, ஒரு டேபிள் லேம்பைப் பக்கவாட்டில், துணியின் தோள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே வையுங்கள். எதிர்ப்பக்கத்தில் ஒரு வெள்ளை அட்டையை நிறுத்தினால் நிழல் கொஞ்சம் இளகும். மலிவான எல்இடி பல்பு சிலது கேமராவில் பட்டை பட்டையாக ஓடும். போனில் ப்ரோ மோட் (கேமராவை நாமே அமைக்கும் வசதி) இருந்தால் ஷட்டரை 1/50 விநாடியில் வைத்துப் பாருங்கள், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பெரும்பாலும் சரியாகிவிடும். அப்படியும் போகவில்லையா, பல்பை மாற்றுங்கள்.

எடுக்கிறவர் கருநிறச் சட்டை போட்டுக்கொள்ள வேண்டும். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முன்னும் பின்னும் நகர்ந்தால் அந்த வெளிச்சம் துணிமேல் பட்டுத் தெறிக்கும், எடுக்கும்போது தெரியாது, ஓட்டிப் பார்க்கும்போது தெரியும். ஒவ்வொரு படத்துக்கும் ஒரே இடத்தில் நின்று பட்டனை அமுக்குங்கள்.

பேன் கூடாது. இது களிமண் பொம்மை அல்ல, துணி. ஏசி ஓடினாலும் அதன் காற்று மேஜைக்கு நேராக வரக் கூடாது. ஏப்ரல் மே மாதத்தில் இதை எடுக்கிறவர்கள் காலை ஏழு மணிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவது புத்திசாலித்தனம்.

உயிர் வருவது

முதலில் கணக்கு. சினிமா விநாடிக்கு 24 பிரேம். பொம்மைப் படக்காரர்கள் பெரும்பாலும் ஒரு நிலையை இரண்டு பிரேமுக்கு வைத்து, விநாடிக்கு 12 நிலைகளில் முடித்துவிடுவார்கள். அப்படிப் பார்த்தாலும் பத்து நிமிடப் படத்துக்கு 7,200 தடவை பொம்மையைத் தொட வேண்டும். நீங்கள் ஆப்பில் விநாடிக்கு 12 என்று வைத்துக்கொண்டு இருபது விநாடிப் படம் எடுங்கள், 240 படம், அதாவது 240 கிளிக் (இனி ‘12 படம்’, ‘ஆறு படம்’ என்றால் அத்தனை கிளிக் என்று அர்த்தம்). முதல் முயற்சிக்கு அது தாராளம்.

எடுப்பதற்கு முன் நீங்களே எழுந்து நின்று நடித்துப் பாருங்கள், போனில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு. தூங்கி எழுந்து, ஏதோ சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்ப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது? மூன்று விநாடி என்று நினைப்போம், நடித்தால் ஐந்து விநாடி ஆகும். அந்த ஐந்தை 12ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

துணி எழுந்திருக்கும் காட்சியை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், மற்றதெல்லாம் இதிலிருந்து வந்துவிடும். மேஜைமேல் கர்சீப் சும்மா கிடக்கிறது. அதை அப்படியே 12 படம் எடுங்கள், ஒரு விநாடி. பார்க்கிறவர் இது வெறும் துணி என்று நம்ப அந்த ஒரு விநாடி கட்டாயம் வேண்டும். பிறகு குடுமி நுனி மட்டும் ஒரு மில்லிமீட்டர் மேலே. ஒரு படம். இன்னொரு மில்லிமீட்டர். பழைய இடத்துக்கே திரும்பவும் கீழே. மறுபடியும் ஆறு படம் சும்மா. இப்போதே பிள்ளைகள் “அசைஞ்சுச்சு!” என்பார்கள். அடுத்து முடிச்சு எழ வேண்டும், ஆனால் எழுவதற்கு முன் அது கீழே அமுங்க வேண்டும். இரண்டு படத்துக்கு முடிச்சைத் தரையோடு லேசாக அழுத்தி, கைகள் இரண்டையும் சற்று உள்பக்கம் இழுங்கள். நாமும் தரையிலிருந்து எழும்போது முதலில் உடம்பைக் கீழே இறக்கி, கையை ஊன்றித்தானே எழுகிறோம்? அந்த ஊன்றல் இல்லாவிட்டால் யாரோ நூல் கட்டி இழுத்தது மாதிரி இருக்கும், கனமே தெரியாது.

எழுவது சமமான அடிகளில் இருக்கக் கூடாது. மில்லிமீட்டரில் சொன்னால் 1, 2, 4, 7, 7, 4, 2, 1 என்று மெதுவாகத் தொடங்கி, நடுவில் வேகம் பிடித்து, மெதுவாக முடிய வேண்டும். பிள்ளைகள் எல்லாவற்றையும் ஒரே அளவில் நகர்த்துவார்கள், அப்போது துணி ரோபோவாகிவிடும். ஒரு அட்டையில் இந்த எண்களைப் புள்ளிகளாகக் குறித்து மேடைக்குப் பின்னால், கேமராவுக்குத் தெரியாமல் நிறுத்தி வைத்தால் அவர்களே பார்த்துப் பார்த்து நகர்த்துவார்கள்.

துணிக்கென்றே ஒரு விதி உண்டு. முடிச்சு நகர்ந்தால் குடுமி நுனி அதோடு சேர்ந்து நகரக் கூடாது, இரண்டு படம் தாமதமாக வர வேண்டும். முடிச்சு வலப்பக்கம் திரும்பும்போது நுனி இடப்பக்கமே நிற்கும், முடிச்சு நின்ற பிறகு நுனி வந்து சேர்ந்து, கொஞ்சம் தாண்டிப் போய், திரும்பி வந்து நிற்கும். கை மூலைகளுக்கும் வாலுக்கும் இதேதான். இந்த ஒன்றைச் சரியாகச் செய்துவிட்டால் மற்ற பத்துக் குறைகள் யார் கண்ணிலும் படாது.

நடை? கால் இல்லாததற்கு எப்படி நடை வரும் என்று பிள்ளைகளிடமே கேளுங்கள், பதில்கள் நன்றாக இருக்கும். சுலபமானது இது: இரண்டு கையும் மூன்று படத்தில் இரண்டு சென்டிமீட்டர் முன்னே போகட்டும், வால் அங்கேயே. முடிச்சு மூன்று படத்தில் கைகளுக்கு மேலே வரட்டும். பிறகு வால் இரண்டே படத்தில் வெடுக்கென்று வந்து சேரட்டும், முதுகு வளைந்து மேலெழும். இரண்டு படம் ஓய்வு. மொத்தம் பத்துப் படத்தில் ஒரு அடி. அவசரம் என்றால் ஓய்வை எடுத்துவிடுங்கள், பயம் என்றால் ஓய்வை எட்டுப் படமாக்கி அந்த நேரத்தில் முடிச்சை மட்டும் பின்பக்கம் திருப்புங்கள். ஒரே நடைதான், ஓய்வு மாறினால் மனநிலை மாறிவிடும்.

நிற்கும் இடங்களில் அசையாமல் நிற்க விடுங்கள், பயம் வேண்டாம். புதிதாக எடுக்கிறவர்கள் எல்லாப் படத்திலும் எதையாவது அசைத்துக்கொண்டே இருப்பார்கள், துணி ஜன்னி கண்டது மாதிரி நடுங்கும். நீளமாக நிற்கும்போது மட்டும் நடுவில் ஒரு தடவை நுனியைத் தொட்டு விடுங்கள், போதும். விரல் பட்டுத் துணியின் மடிப்புகள் படத்துக்குப் படம் கொஞ்சம் துடிக்கத்தான் செய்யும், அதைச் சரி செய்ய மெனக்கெடாதீர்கள். சில ஆப்களில் இடைப்பட்ட பிரேம்களைத் தானே உருவாக்கி வழுவழுப்பாக்கும் வசதி வந்திருக்கிறது. கைத்தடம் பதிந்த அந்தத் துடிப்பைத் துடைத்துவிட்டு என்ன மிச்சம் இருக்கப் போகிறது?

தண்ணீர் வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டால், நிஜத் தண்ணீர் உதவாது. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே அது நமக்காகக் காத்திருக்காது. கண்ணாடி மாதிரித் தெரியும் செல்லோபேன் தாளைக் கசக்கி நீட்டி, குழாயிலிருந்து ஒழுகும் தாரையாகத் தொங்கவிட்டு, ஒவ்வொரு படத்துக்கும் கொஞ்சம் திருப்பினால் ஓடுவது போலவே இருக்கும். சொட்டுக்கு நிறமில்லாத ஹேர் ஜெல். ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்துத் தட்டின்மேல் சொட்டு வைத்து, படத்துக்குப் படம் பெரிதாக்குங்கள், பரவும் தண்ணீர் கிடைத்துவிடும். கர்சீப்பில் மட்டும் பட்டுவிடக் கூடாது, கஞ்சி இளகிவிடும். இதே ஸ்லின் ஸ்டூடியோவில் காரெல் ஸெமான் என்பவர் 1940களின் கடைசியில் கண்ணாடிப் பொம்மைகளையே நடிக்க வைத்து ஒரு குறும்படம் எடுத்தார், வளைக்க முடியாத கண்ணாடியை! அதைப் பார்த்த பிறகு ஜெல்லோடு மல்லுக்கட்டுவது பெரிய கஷ்டமாகத் தோன்றாது.

கதையும் பிள்ளைகளும்

டீர்லோவாவின் கதையை அப்படியே எடுக்க வேண்டாம், அதன் எலும்பை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்: யாரோ எதையோ மறந்துவிட்டார்கள், ஒரு பொருளுக்கு அது தெரியும். பிரிட்ஜ் கதவு திறந்திருக்கிறது, பால் பொங்கப் போகிறது, பள்ளிக்கூடப் பையில் டிபன் டப்பா இல்லை. இருபது விநாடிக்கு மூன்று ஷாட் போதும். துணி எழுகிறது, துணி பார்க்கிறது, துணி ஏதோ ஒன்று செய்கிறது. பிள்ளைகள் டைனோசரையும் ராக்கெட்டையும் உள்ளே கொண்டுவரப் பார்ப்பார்கள், அடுத்த படத்தில் என்று தள்ளிப்போடுங்கள்.

வேலைப் பங்கீடு முக்கியம், இல்லாவிட்டால் சண்டைதான். ஐந்து வயதுக்குப் பட்டன் அமுக்கும் வேலை. எட்டு வயதுக்கு மேல் துணியை நகர்த்தலாம். பட்டன்காரர் ஒவ்வொரு முறையும் “கை வெளியே!” என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் அமுக்க வேண்டும். அப்படியும் நாலைந்து படத்தில் விரல் விழும், அந்தப் பிரேம்களை அழித்துவிடலாம். அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார வைக்காதீர்கள். ஒரு ஷாட்டைப் பாதியில் நிறுத்துவதைவிட, முடித்துவிட்டு எழுவது நல்லது, ராத்திரியில் பூனையோ பாட்டியோ மேஜையை நகர்த்தினால் பழைய இடத்தைத் திரும்பப் பிடிப்பது பெரும்பாடு. நடுவில் துணி விழுந்துவிட்டால், மங்கலாகத் தெரியும் பழைய படத்தோடு ஒப்பிட்டு ஓரளவு நிறுத்துங்கள். சரியாக வரவில்லையா, போனைக் கொஞ்சம் பக்கத்தில் கொண்டுவந்து புது ஷாட்டாகத் தொடங்கிவிடுங்கள். பார்க்கிறவருக்கு அது வேண்டுமென்றே வைத்த க்ளோசப்.

ஒலியைக் கடைசியில் சேருங்கள். பேச்சு வேண்டாம், துணி பேசக் கூடாது. ஸ்லின் படங்கள் பலவற்றுக்கு இசையமைத்த ஸ்தெனெக் லிஷ்காவின் வேலையைக் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள், அசைவு எங்கே தொடங்கி எங்கே நிற்கிறது என்று இசையே சொல்லிவிடும். வீட்டில் அதற்கு ஆர்கெஸ்ட்ரா வேண்டாம். நடக்கும்போது ஒரு வேட்டியை உதறும் சத்தம், திரும்பும்போது டம்ளரில் கரண்டி தட்டும் சத்தம், யோசிக்கும்போது பிள்ளைகளே வாயால் போடும் ‘ம்ம்ம்’. போனை மேஜைக்குப் பக்கத்தில் வைத்து, படத்தை டிவியில் ஓடவிட்டு, எல்லாரும் சேர்ந்து ஒரே தடவையில் சத்தம் போட்டுப் பதிவு செய்தால் அதில் வரும் சிரிப்பையும் அப்படியே விட்டுவிடலாம்.

தலைப்பு அட்டையைப் பிள்ளைகளின் கையெழுத்திலேயே எழுத வைத்து, 30 படம் எடுத்து முன்னால் சேருங்கள், இரண்டரை விநாடி வரும், வாசிக்கப் போதும். கடைசி நிலையை இன்னொரு 12 படம் கூடுதலாக எடுத்து வையுங்கள், சட்டென்று அறுந்ததுபோல முடியாது. ஆப்பிலிருந்து வீடியோவாக வெளியே எடுக்கும்போது 1080பி போதும், வாட்ஸப்பில் அனுப்புவதாக இருந்தால் டாக்குமெண்டாக அனுப்புங்கள், வீடியோவாக அனுப்பினால் சுருக்கி மங்கலாக்கிவிடும்.

கர்சீப்பை யாரும் எடுத்துத் துவைக்கப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முடிச்சை அவிழ்க்காமல் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில், கம்பி மடங்காதபடி நிறுத்தி வைத்தால் அடுத்த படத்துக்கு வேலை பாதியாகக் குறையும். அலுமினியக் கம்பியை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒடியும், பெரும்பாலும் கை தொடங்கும் இடத்தில், முடிச்சுக்குப் பக்கத்தில்தான். மூன்று துண்டுக்குப் பதில் ஆறு துண்டு கம்பியாக முதலிலேயே வாங்கிவிடுங்கள்.